பசித்த செல் எந்தப் பக்கம் போகும்: டிக்டியோஸ்டீலியத்தில் வேதிச் சைகையும் ஆக்டின் அசைவும், ஆய்வகத்தில் படிப்படியாக

டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியம் என்ற ஸ்லைம் மோல்டின் செல்கள், உணவு தீர்ந்ததும் சைக்ளிக் ஏஎம்பி என்ற வேதிச் சைகையை வெளியே விடும். பக்கத்துச் செல்கள் அதை உணர்ந்து, அது வரும் திசைக்குப் போலிக்கால் நீட்டி ஊர்ந்து போய் ஒன்றுசேரும். அந்தச் சைகை செல்சட்டகத்தை, அதாவது செல்லுக்கு வடிவமும் அசைவும் தரும் ஆக்டின் போன்ற புரத இழைகளை, எப்படி மாற்றுகிறது என்று மைக்ராஸ்கோப்பில் நேரில் பார்ப்பதற்கான வழி இது. (தட்டு முழுக்க மஞ்சள் வலையாகப் படரும் ஃபைசாரம் வேறு உயிரி. அதற்கு இந்த முறை பொருந்தாது.)

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் மைக்ராஸ்கோப் முன்னால்தான் தவிக்கிறார்கள். ஆனால் தவறு நடந்த இடம் அதற்கு ஐந்தாறு மணி நேரம் முன்னால், செல்களைப் பட்டினி போட்ட கட்டத்தில் இருக்கும். அதனால் இங்கே அந்தக் கட்டத்தைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

1. முதல் நாளே கையில் இருக்க வேண்டியவை

செல்கள்: திரவ ஊட்டத்தில் வளரும் ஏஎக்ஸ்2, ஏஎக்ஸ்3, ஏஎக்ஸ்4 வகைகளில் ஏதாவது ஒன்று. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் உள்ள டிக்டி ஸ்டாக் சென்டரில் இவை கிடைக்கும்.

ஆக்டினைப் பார்க்க ஒளிரும் குறி வேண்டும். லிம்இ புரதத்தின் சுருள் பகுதியை நீக்கி, பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தோடு இணைத்த வடிவத்தையே நான் சொல்வேன். அது புதிதாகக் கட்டப்படும் இழை ஆக்டினில் நன்றாக ஒட்டும், பின்னணி குறைவு. லைஃப்ஆக்ட்டும் ஆகும். ஆனால் அளவுக்கு மீறி வெளிப்பட்டால் ஆக்டினின் நடத்தையையே மாற்றிவிடும். எந்தக் குறியானாலும் மிகப் பிரகாசமான செல்லைத் தேடிப் படமெடுக்காதீர்கள். நடுத்தரமாக ஒளிரும் செல்தான் இயல்பாக நடக்கும்.

டிபி பஃபர்: சோடியம் பாஸ்பேட் 5 மில்லிமோலார், பொட்டாசியம் பாஸ்பேட் 5 மில்லிமோலார், மெக்னீசியம் சல்பேட் 2 மில்லிமோலார், கால்சியம் குளோரைடு 1 மில்லிமோலார், பிஎச் 6.5. பாஸ்பேட்டை ஆட்டோகிளேவ் செய்து ஆறவிட்டு, அப்புறம்தான் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் பாஸ்பேட்டோடு கால்சியம் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும்.

சைக்ளிக் ஏஎம்பி: 10 மில்லிமோலார் ஸ்டாக்காகக் கரைத்து, சிறு குழாய்களில் பிரித்து, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். அமில வடிவம் வாங்கியிருந்தால் கரைத்த பின் பிஎச் பாருங்கள். சோடியம் உப்பு வாங்கியிருந்தால், எடை போடும்போது டப்பாவில் எழுதியுள்ள மூலக்கூறு எடையையே எடுங்கள். இரண்டுக்கும் எடை வேறு.

22 டிகிரி அறை: பிறர் எழுதிய செய்முறைகளில் ‘ரூம் டெம்பரேச்சர்’ என்று வந்தால் அது 21, 22 டிகிரியைக் குறிக்கும். நம் ஊரில் ஏசி இல்லாத அறையில் அதே வார்த்தை 30ஐத் தாண்டும். இந்தச் செல்கள் அதைத் தாங்காது. ஒரு முறை பகலில் யாரோ ஏசியை நிறுத்திவிட்டுப் போக, ஷேக்கரில் இருந்த குடுவை முழுவதும் உருண்டைச் செல்களாகிவிட்டது. காரணம் பிடிபட எனக்கு மூன்று நாள் ஆனது. ஷேக்கர், மைக்ராஸ்கோப் இரண்டின் பக்கத்திலும் ஒரு வெப்பமானி வையுங்கள்.

2. கண்ணில் படப்போவது எதன் விளைவு

இதைத் தெரிந்துகொள்ளாமல் படமெடுத்தால் எது நல்ல முடிவு, எது கோளாறு என்று பிரிக்க முடியாது.

சைக்ளிக் ஏஎம்பி செல்லின் மேற்பரப்பில் உள்ள சிஏஆர்1 ஏற்பியில் ஒட்டுகிறது. ஏற்பி ஜி புரதத்தைத் தூண்ட, அது ராஸ் புரதங்களை எழுப்புகிறது. ராஸ் விழித்த இடத்தில் பிஐ3 கைனேஸ் சவ்வில் பிஐபி3 கொழுப்பை உண்டாக்குகிறது. ராக் புரதங்கள் வழியே ஸ்கார் கூட்டுப்புரதமும் ஆர்ப்2/3யும் வேலைக்கு வருகின்றன. ஆர்ப்2/3 பழைய ஆக்டின் இழையின் பக்கத்திலிருந்து புது இழையைக் கிளைக்க வைக்கிறது. அந்தக் கிளைகள் சவ்வை முன்னே தள்ளுவதுதான் போலிக்கால்.

பின்பக்கம் கதை வேறு. பிஐபி3யை அழிக்கும் பிடென் அங்கே நிற்கிறது. மயோசின் 2 இழைகள் பின்பகுதியையும் பக்கங்களையும் இறுக்கிச் சுருக்குகின்றன. முன்னே தள்ளல், பின்னே இழுப்பு, இரண்டும் சேர்ந்தால்தான் நடை.

ஆக, ஒரு செல் நகரவில்லை என்றால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அது சைகையை உணர்ந்ததா? உணர்ந்தது ஆக்டினுக்குப் போய்ச் சேர்ந்ததா? ஆக்டின் அசைந்தும் நடை வரவில்லையா? 8, 9, 10 ஆகிய படிகள் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரிப்பதற்குத்தான்.

3. செல்களை இளமையாக வளர்ப்பது

எச்எல்5 ஊட்டத்தில், 22 டிகிரியில், நிமிடத்துக்கு 180 சுற்றில் வளர்க்கவும். கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் தேவையில்லை.

பட்டினி போடும் காலையில் மில்லிலிட்டருக்கு 20 முதல் 40 லட்சம் செல்கள் இருக்க வேண்டும். ஒரு கோடியை நெருங்கிய குடுவையைத் தொடாதீர்கள். அந்த நெரிசலில் செல்கள் தாமாகவே பட்டினி நிலைக்குப் போகத் தொடங்கிவிடும். உங்கள் கடிகாரம் ஒரு நேரம் காட்டும், செல்லின் கடிகாரம் வேறு நேரம் காட்டும்.

முந்தைய நாள் மாலையே எண்ணி, இரட்டிப்பு நேரத்தைக் கணக்கிட்டு நீர்க்கச் செய்து வையுங்கள். மாதக்கணக்கில் ஒரே வளர்ப்பை ஓட்டாமல், நான்கு வாரத்துக்கு ஒரு முறை உறைநிலை ஸ்டாக்கிலிருந்து புதிதாக எடுங்கள். பழைய வளர்ப்பில், பட்டினிச் சைகைக்குச் சரியாகப் பதில் சொல்லாத செல்கள் மெல்லப் பெருகிவிடும்.

4. கழுவுதலும் பட்டினியும்

காலை 8 மணிக்கு எண்ணுங்கள். மொத்தம் 20 கோடி செல்கள் வேண்டும். மில்லிலிட்டருக்கு 30 லட்சம் இருந்தால் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் எடுக்க வேண்டும்.

500 ஜியில் ஐந்து நிமிடம் சென்ட்ரிஃப்யூஜ் செய்து ஊட்டத்தை முழுதாக ஊற்றிவிடுங்கள். டிபி பஃபரில் கலக்கி மறுபடி சுழற்றுங்கள். இப்படி இரண்டு முறை. குழாயின் அடியில் கொஞ்சம் எச்எல்5 தங்கினாலும் செல்லுக்கு அது சாப்பாடுதான், பட்டினி தள்ளிப்போகும்.

கடைசியில் 10 மில்லிலிட்டர் டிபியில் கரைத்தால் மில்லிலிட்டருக்கு 2 கோடி. சிறு குடுவையில் ஊற்றி, நிமிடத்துக்கு 110 சுற்றில் ஒரு மணி நேரம் விடுங்கள். குடுவையின் மேல் கழுவி முடித்த நேரத்தை எழுதி ஒட்டுங்கள். இனி எல்லா நேரமும் அதிலிருந்துதான் கணக்கு.

5. ஆறு நிமிடத்துக்கு ஒரு துடிப்பு

இந்தப் படிதான் நாளையே தீர்மானிக்கிறது. ஒரு மணி நேரப் பட்டினிக்குப் பிறகு, நான்கு மணி நேரம், ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை சைக்ளிக் ஏஎம்பியை 75 நானோமோலார் வரும்படி சேர்க்க வேண்டும்.

இயற்கையில் செல்கள் ஏறத்தாழ இதே இடைவெளியில்தான் அலை அலையாகச் சைகை விடுகின்றன. ஒவ்வோர் அலைக்குப் பிறகும் பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதி மிச்சத்தைச் சிதைத்துவிடும், ஏற்பியும் அடுத்ததற்குத் தயாராகிவிடும். இப்படி விட்டு விட்டு வரும் சைகைதான் சிஏஆர்1 உள்ளிட்ட ஒன்றுகூடும் கட்டத்து மரபணுக்களை முடுக்குகிறது. ‘மொத்தமாக ஒரே தடவை ஊற்றிவிட்டால் என்ன?’ என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். ஓயாமல் இருக்கும் சைகைக்குச் செல் பழகிவிடும், அந்த மரபணுக்கள் சரியாக எழாது.

கையால் செய்தால்: 75 மைக்ரோமோலார் கரைசலில் 10 மைக்ரோலிட்டர் எடுத்து, 10 மில்லிலிட்டர் குடுவையில் ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை விடுங்கள். நான்கு மணி நேரத்துக்கு 40 தடவை. இரண்டு பேர் மாறி மாறிச் செய்வது நல்லது.

பம்ப் வைத்தால், முதலில் ஒரு துளியின் அளவைக் கண்டுபிடியுங்கள். 20 துளியை ஒரு குழாயில் பிடித்து எடை போட்டால் போதும். துளி 50 மைக்ரோலிட்டர் என்றால் 15 மைக்ரோமோலார் கரைசல் பொருந்தும்.

குழாய் முனை குடுவையின் நடுவில், திரவத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். எங்கள் மாணவி ஒருவருக்கு இரண்டு வாரம் எதுவும் வரவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தபோது, ஷேக்கர் ஆட ஆட முனை சற்றே சாய்ந்து, துளி குடுவையின் கழுத்தில் விழுந்து கண்ணாடியிலேயே காய்ந்துகொண்டிருந்தது. பம்ப் சரியாகத்தான் ஓடியிருக்கிறது, செல்களுக்குத்தான் ஒன்றும் போகவில்லை. அன்றிலிருந்து முதல் மூன்று துளிகளைக் கண்ணால் பார்த்த பிறகே அறையை விட்டு வெளியேறுவது என்று வைத்துக்கொண்டோம்.

6. தயாரா என்று சோதிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்

நான்கு மணி நேரத் துடிப்பு முடிந்ததும் குடுவையைத் தூக்கிப் பாருங்கள். சிறு மணல் போலக் கட்டிகள் தெரிந்தால் நல்ல அறிகுறி, செல்கள் ஒன்றையொன்று பிடிக்கத் தொடங்கிவிட்டன. பால் போல ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஒரு துளி எடுத்து, பிப்பெட்டில் 15, 20 தடவை மெதுவாக ஏற்றி இறக்கிக் கட்டிகளைப் பிரித்து, கண்ணாடி அடித்தள அறையில் டிபியில் விடுங்கள். பத்து நிமிடத்தில் செல்கள் நீண்டு, ஒரு முனை அகன்றும் மறுமுனை ஒடுங்கியும் இருக்க வேண்டும். நெருக்கமாக விட்ட இடத்தில் சிறிது நேரத்தில் தலைக்குப் பின் வால் என்று வரிசை கட்டும்.

செல்கள் எல்லாப் பக்கமும் சிறு போலிக்கால் நீட்டி இடத்திலேயே தத்தளித்தால் இன்னும் பக்குவம் வரவில்லை. ஒரு மணி நேரம் கூடுதலாகத் துடிப்பு கொடுத்துப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் அன்றைய சோதனையை விட்டுவிடுங்கள். பக்குவமில்லாத செல்லில் எடுத்த எண்களை எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

7. காஃபின்: செல்களின் சொந்தப் பேச்சை நிறுத்துவது

அடுத்த படியில் நாம் கொடுக்கும் சைகைக்கு மட்டும் பதில் வர வேண்டும். ஆனால் இந்தச் செல்கள் தாமே சைக்ளிக் ஏஎம்பி செய்து ஒன்றையொன்று தூண்டிக்கொண்டிருக்கும். காஃபின் 5 மில்லிமோலார் சேர்த்து, 200 சுற்றில் 20 முதல் 30 நிமிடம் வைத்தால், அதைச் செய்யும் அடினைலேட் சைக்ளேஸ் அடங்கும்.

அப்புறம் பாஸ்பேட்டும் மெக்னீசியமும் மட்டும் உள்ள குளிர்ந்த பஃபரில் இரண்டு முறை கழுவி, ஐஸில் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். பலர் காஃபின் போடுவதை மறக்க மாட்டார்கள், கழுவுவதைத்தான் அவசரத்தில் ஒரு முறையோடு நிறுத்திவிடுவார்கள்.

8. எல்லாப் பக்கமும் ஒரே அளவு சைகை

அடுத்த படியில் நுண்ணூசி முனையிலிருந்து சைகையை விட்டு, ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறையும் செறிவுச் சரிவை உண்டாக்குவோம். அதற்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். திசை இல்லாத சைகைக்கே ஆக்டின் பதில் தரவில்லை என்றால், திசையுள்ள சைகையில் தேடிப் பயனில்லை.

அறையில் 450 மைக்ரோலிட்டர் பஃபரில் செல்களை ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும்படி ஐதாக விட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் ஒட்டவிடுங்கள். எச்எல்5 துளியும் இருக்கக் கூடாது. அது தானே ஒளிர்ந்து படத்தைக் கெடுக்கும். நீல லேசரைக் குறைந்த அளவில் வையுங்கள். வெளிச்சம் கூடினால் செல் போலிக்காலை இழுத்துக்கொண்டு உருண்டையாகிவிடும், அதைச் சைகையின் விளைவு என்று எண்ணிவிடுவீர்கள்.

2 வினாடிக்கு ஒரு படம். 10 படம் ஓடியதும், 10 மைக்ரோமோலார் சைக்ளிக் ஏஎம்பியில் 50 மைக்ரோலிட்டரை ஓரமாக மெதுவாக விடுங்கள். இறுதியில் 1 மைக்ரோமோலார் வரும்.

இனி கவனமாகப் பாருங்கள். 5 முதல் 10 வினாடிக்குள் செல்லின் விளிம்பு முழுவதும் மெல்லிய வளையல் போலப் பளிச்சென்று ஒளிரும். செல்லின் உள்பகுதி அதே நேரத்தில் மங்கும், ஏனென்றால் குறி அங்கிருந்துதான் விளிம்புக்குப் போகிறது. 20, 30 வினாடியில் வளையல் கரைந்து செல் சற்றே உருண்டு சுருங்கும். ஒரு நிமிடத்தை ஒட்டி இரண்டாவது எழுச்சி வரும். இந்தத் தடவை அது வளையலாக இராது, விளிம்பில் அங்கங்கே திட்டுகளாக இருக்கும். ஒவ்வொரு திட்டிலிருந்தும் ஒரு போலிக்கால் கிளம்பும்.

பஃபர் மட்டும் விட்ட கட்டுப்பாட்டுச் சோதனையை ஒரு நாளும் விடாதீர்கள். திரவம் பாயும் இழுவைக்கே இந்தச் செல்கள் பதில் சொல்லும். வேகமாக ஊற்றினால் வெறும் பஃபரிலும் வளையல் தெரியும். கட்டுப்பாட்டில் விளிம்பு அசையாமல் இருக்கும் வரை கையைப் பழக்குங்கள்.

9. ஊசி முனையால் செறிவுச் சரிவு

சைக்ளிக் ஏஎம்பி 10 மைக்ரோமோலார் கரைசலை முழு வேகத்தில் ஐந்து நிமிடம் சுழற்றி, மேல் திரவத்தை மட்டும் எடுங்கள். ஊசி முனையின் துளை அரை மைக்ரோமீட்டர் அளவுதான், ஒரு தூசி போதும் அடைக்க. ஆக்டின் குறியோடு நிறம் கலக்காத சிவப்பு ஒளிர் சாயத்தைக் கொஞ்சம் கலந்தால் சரிவு எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

பின்புறமிருந்து நிரப்பி, குமிழி இல்லை என்று பாருங்கள். ஊசி திரவத்தைத் தொடும் முன்பே சிறிது அழுத்தம் கொடுத்து வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அறையின் பஃபர் ஊசிக்குள் ஏறி, நீங்கள் வைத்திருக்கும் செறிவே மாறிவிடும்.

முனையைச் செல்லிலிருந்து 50 முதல் 100 மைக்ரோமீட்டர் தள்ளி, கண்ணாடிக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். செல்கள் ஐதாகவே இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் முன்னால் போகும் செல்லின் சைகையைப் பின்னால் இருப்பது பிடித்துக்கொள்ளும். நொதியும் சரிவைத் தின்னும். அப்போது நீங்கள் அளப்பது ஊசியின் சரிவை அல்ல.

பக்குவப்பட்ட செல் நிமிடத்துக்கு 10 மைக்ரோமீட்டர் அளவில் முனையை நோக்கி வரும். அதன் இரு முனைகளுக்கும் இடையே சைகையில் ஓரிரு சதவீத வித்தியாசம் இருந்தாலே திசை பிடித்துவிடும். லிம்இ ஒளி முன் விளிம்பில் பிறைபோலக் குவியும்.

செல் பாதி வழி வந்ததும் ஊசியை மெதுவாக அதன் பின்பக்கம் கொண்டுபோங்கள். நன்கு முனைப்பட்ட செல், முன்விளிம்பை விடாமல் வளைந்து யூ போலத் திரும்பும். பக்குவம் குறைந்தது பழைய முனையைக் கரைத்துவிட்டு, வாலிலிருந்தே புது போலிக்கால் விடும். இரண்டில் எது நடந்தது என்று ஒவ்வொரு செல்லுக்கும் குறித்துக்கொள்ளுங்கள். செல்சட்டகத்துக்குத் தன் பழைய திசை எவ்வளவு நினைவிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது.

10. ஆக்டினைக் கரைத்துவிட்டு, உணர்தல் மிஞ்சுகிறதா என்று பார்ப்பது

இதற்கு வேறு குறி வேண்டும். பிஐபி3யில் ஒட்டும், பிஎச் என்ற பெயருள்ள புரதப் பகுதியை (அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அல்ல) ஜிஎஃப்பியோடு இணைத்த செல்கள். க்ராக் புரதத்தின் பகுதி பலரும் பயன்படுத்துவது.

ஆக்டின் இழைகளைக் கலைக்கும் லாட்ரன்குலின் ஏ என்ற மருந்து 5 மைக்ரோமோலார், 15 நிமிடம். செல் உருண்டையாகி நிற்கும், ஊராது. இப்போது ஊசியைப் பக்கத்தில் கொண்டுவந்தால், ஊசி இருக்கும் பக்கத்துச் சவ்வில் பச்சைப் பிறை எழும். ஊசியை மறுபக்கம் நகர்த்தினால் பிறையும் நகரும். நடக்க முடியாத செல்லுக்கும் திசை தெரிகிறது.

நீங்கள் ஆராயும் மரபணு மாற்றமுள்ள செல் நடக்காமலும் ஆனால் பிறை காட்டியும் இருந்தால், கோளாறு ஆக்டின் பக்கம். பிறையே இல்லையென்றால் ஏற்பி, ஜி புரதம், ராஸ் என்று மேலே தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: பிஐ3 கைனேஸ் ஒரே பாதை அல்ல. செங்குத்தான சரிவில் அது இல்லாமலும் செல்கள் திசை பிடிக்கும். அதனால் பிறை இல்லை, ஆனால் செல் நேராகப் போகிறது என்றால் குழம்ப வேண்டாம்.

கரைப்பானாக உள்ள டிஎம்எஸ்ஓவை மட்டும் போட்ட கட்டுப்பாடு அவசியம். மயோசினைத் தடுக்க ப்ளெபிஸ்டாடின் போட நினைப்பவர்களுக்கு: அது நீல ஒளியில் சிதையும், சிதைந்தது செல்லுக்கு நஞ்சு. ஜிஎஃப்பி படமெடுக்கும்போது அதைப் போடாதீர்கள்.

11. ஊசி வசதி இல்லாத இடத்தில்

ஃபோலிக் அமிலம் போதும். இந்தச் செல்களுக்கு இரை பாக்டீரியா, பாக்டீரியா ஃபோலேட்டை வெளியே விடும். எனவே வளரும் நிலையிலேயே செல்கள் அதைத் தேடிப் போகும். பட்டினியும் துடிப்பும் தேவையில்லை.

0.4 சதவீத அகரோஸ் ஊற்றி, 5 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு பள்ளம் வெட்டுங்கள். ஒன்றில் 0.1 மில்லிமோலார் ஃபோலேட், மற்றதில் செல்கள். ஃபோலேட் வெறும் நீரில் சரியாகக் கரையாது, சிறிது சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுக் கரைத்துப் பிறகு பிஎச்சைச் சரிசெய்யுங்கள். மூன்று நான்கு மணி நேரத்தில் செல்கள் அகரோஸுக்கு அடியில் புகுந்து வரும். தட்டையாக அழுந்தியிருப்பதால் ஆக்டின் படமும் தெளிவாக வரும். நடை மட்டும் சைக்ளிக் ஏஎம்பிக்குப் போவதைவிட மெதுவாக இருக்கும்.

12. அளப்பது

ஃபிஜி என்ற படப் பகுப்பாய்வு மென்பொருளில் செல்லின் மையத்தைத் தடம் பிடியுங்கள். வேகம் கணக்கிட 30 வினாடி இடைவெளிப் படங்களையே எடுங்கள். 2 வினாடிப் படங்களில் கணக்கிட்டால், செல் இடத்திலேயே விளிம்பை அசைப்பதும் பயணமாகக் கூடிப்போய் வேகம் பொய்யாக உயரும்.

திசைக்கு வேதிநாட்டக் குறியீடு: செல் போன திசைக்கும் ஊசியின் திசைக்கும் இடையிலான கோணத்தின் கொசைன். 1 என்றால் நேராகப் போகிறது, 0 என்றால் குறியில்லாமல் அலைகிறது. வேகத்தையும் குறியீட்டையும் எப்போதும் சேர்த்தே கொடுங்கள். மெதுவாகவும் ஆனால் நேராகவும் போகும் செல்லும், வேகமாக அலையும் செல்லும் வெவ்வேறு கோளாறுகள்.

ஆக்டினுக்கு விளிம்பின் ஒளியை உள்பகுதியின் ஒளியால் வகுக்கவும். பின்னணியைக் கழித்த பிறகு வகுக்க வேண்டும். விளிம்பில் ஒரு புள்ளியாவது உச்ச அளவைத் தொட்டு நிறைந்திருந்தால் அந்தப் படத்தை ஒதுக்கிவிடுங்கள்.

ஒரே நாளில் ஒரே குடுவையிலிருந்து எடுத்த 60 செல்கள் 60 தனிச் சோதனைகள் ஆகாது. அந்தக் குடுவைக்கு என்ன நடந்ததோ அதுதான் அறுபதுக்கும் நடந்திருக்கிறது. குறைந்தது மூன்று வெவ்வேறு நாள், மூன்று வெவ்வேறு பட்டினி. ஒவ்வொரு படக்கோப்பின் பெயரிலும் தேதியோடு, கழுவி முடித்து எத்தனை மணி நேரம் எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் எழுதுங்கள். ஐந்தாம் மணியில் எடுத்த செல்லையும் ஏழாம் மணியில் எடுத்ததையும் ஒரே வரைபடத்தில் போட்டுவிட்டு, ஏன் இவ்வளவு சிதறல் என்று தேடிக்கொண்டிருந்தவர்களைப் பல முறை பார்த்திருக்கிறேன்.